டாலியாவைத் தின்ற குளிர்காலம்

வாசனை கிடையாது.
அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.
மூக்கைக் கொண்டுபோய் வைத்துவிட்டு
ஏமாந்து நிமிர்கிறவர்களைப் பார்த்துப் பார்த்து
எனக்கே கூச்சமாகிவிட்டது.

வூட்ஜ் நகரத்தில் டிராம் ஓட்டுகிறேன்.
தண்டவாளம் வளைகிற இடத்தில்
கம்பிவேலிக்கு அந்தப்பக்கம்
குத்தகைக்கு எடுத்த ஏழு சென்ட் மண்.
அதில் இருபது டாலியா.
என் வழித்தடத்தின் நிறுத்தங்களும் இருபது என்பதால்
பெயருக்கு நான் அலையவில்லை.
நூற்பாலை, மஞ்சள்.
மருத்துவமனை, வெள்ளை, நுனியில் மட்டும் ஊதா.
மீன்சந்தை, சொன்னால் நம்பமாட்டீர்கள்,
சின்னக் குழந்தையின் உள்ளங்கால் நிறம்.
கடைசி நிறுத்தம், கறுப்புக்கு ஒரு படி முன்னால்
நின்றுவிட்ட சிவப்பு.

பக்கத்துத் தோட்டம் ரோமுவால்டுடையது.
முட்டைக்கோஸ், பீட்ரூட், மறுபடி முட்டைக்கோஸ்.
வருஷத்துக்கு ஒருமுறை
என் முதல் பூ விரிகிற அன்று
வேலிமேல் முழங்கையை ஊன்றிக் கேட்பார்:
"இதைத் தின்ன முடியுமா, போக்னா?"

முடியும்.
தின்றிருக்கிறோம்.

அக்டோபரில் ஒரே ராத்திரி போதும்.
நேற்றுவரை சாப்பாட்டுத் தட்டு அகலம் விரிந்து நின்றது
காலையில் போனால்
வெந்நீர் ஊற்றிய கீரை.
அழுவதற்கு நேரமில்லை.
தண்டை வெட்டி, கிழங்கைத் தோண்டி,
மண் உதறி, நிழலில் காயவைத்து,
செய்தித்தாளில் சுற்றி
நிலவறைப் பெட்டியில் அடுக்கவேண்டும்.
பக்கத்துப் பெட்டியில் உருளைக்கிழங்கு.
எழுதி ஒட்டியிருக்கலாம்தான்.

ஜனவரியில் எனக்கு இரவுப்பணி.
வெளியே மைனஸ் பதினாறு.
விடிகாலையில் வீடு வந்தால்
யூரெக் சூப் செய்து வைத்திருந்தார்
முப்பது வருஷ மணவாழ்க்கையில் மூன்றாவது தடவையாக.
ஆவி கண்ணாடியை மறைத்தது. குடித்தேன்.
கேரட்டா, முள்ளங்கியா,
இரண்டுக்கும் நடுவில் லேசாக ஒரு கசப்பு.
"உருளைக்கிழங்கு இந்தத் தடவை ஒருமாதிரி" என்றார்.
தொட்டிப் பக்கம் திரும்பினேன்.
தோல்களுக்கு அடியில் பிரித்த செய்தித்தாள்,
அதில் என் கையெழுத்தில்
கடைசி நிறுத்தம்.

கோபம் வந்திருக்கவேண்டும்.
சிரிப்புத்தான் வந்தது,
அதுவும் எப்படி,
கரண்டியைக் கீழே வைக்க முடியாமல்.
யூரெக்குக்குக் காரணம் சொன்னதும்
அவர் சிரிக்கவில்லை.
மிச்சத்தை மட்டும் மரியாதையாகக் குடித்து முடித்தார்.

அந்தக் கோடையில் பத்தொன்பது.
வரிசைக் கடைசியில் வெறும் மண்.
தண்ணீர் ஊற்றிக்கொண்டே போகிற கை
அங்கேயும் ஒருதரம் சாய்ந்து
பிறகு வெட்கப்பட்டு நிமிரும்.

ஆகஸ்ட் பாதியில்
ரோமுவால்டின் முதுகு வேலியை ஒட்டித் தெரிந்தது.
குந்தி உட்கார்ந்து எதையோ கட்டிக்கொண்டிருந்தார்.
அவருடைய எருக்குழி ஓரம்
(எங்கள் சமையலறைத் தோலெல்லாம்
வாளி வாளியாகப் போய்ச் சேருமிடம்)
இடுப்புயரச் செடி ஒன்று,
அதற்கு ஊன்றுகோல்,
ஊன்றுகோலோடு சேர்த்துக் கட்ட
கோயிலுக்கு அணிகிற கோடுபோட்ட கழுத்துப்பட்டை.
உச்சியில்
கறுப்புக்கு ஒரு படி முன்னால் நின்றுவிட்ட சிவப்பு.

யூரெக் நறுக்கி எறிந்த தலைப்பகுதியில்
ஒரு கண் இருந்திருக்கிறது.
குளிர்காலம் முழுக்க
முட்டைக்கோஸ் இலை அழுகிய சூட்டில்
அது கண்மூடிக் கிடந்திருக்கிறது.

"களை" என்றார் ரோமுவால்ட், திரும்பாமலே.
"பிடுங்க மறந்துபோச்சு."

திருப்பித் தருகிறாரா என்று நானும் கேட்கவில்லை.
ஒன்று மட்டும் சொன்னேன்:
பூவை வெட்டிக்கொண்டே இருங்கள்,
வெட்ட வெட்டத்தான் பூக்கும்.
"பார்க்கலாம்" என்றார்.
வெட்டவில்லை.
ஒற்றைப் பூவை வைத்துக்கொண்டு
செப்டம்பரைக் கழித்தார்.

நான் வெட்டுகிறேன், இரண்டு நாளுக்கு ஒருமுறை.
ஓட்டுநர் இருக்கைப் பக்கம் தயிர்க் குப்பியில்
ஒன்று நிற்கும்.
டிக்கெட் கேட்கக் குனிகிறவர்கள்
மூக்கை நீட்டுவார்கள். நீட்டட்டும்.

வளைவு வரும்போது வேகத்தைக் குறைக்கிறேன்.
தண்டவாளத்துக்காக என்று நினைத்துக்கொள்கிறார்கள்.
எருக்குழி பக்கம் பார்த்து
ஒரு மணி அடிக்கிறேன்.
யாரும் ஏறவில்லை,
யாரும் இறங்கவில்லை.